நீல டிக் விழாமல் வாட்ஸ்அப் செய்தியைப் படிப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

வாட்ஸ்அப்பில் வந்த செய்தியைப் படிக்க வேண்டும், ஆனால் படித்தது அனுப்பியவருக்குத் தெரியக் கூடாது. இதைக் கேட்டு வருகிறவர்களில் அநேகம் பேர் ஏற்கெனவே ஒரு வேலை செய்திருப்பார்கள். பிரைவசிக்குள் போய் ரீட் ரிசீட்ஸை, அதாவது படித்ததை நீல டிக்காகக் காட்டும் சுவிட்சை, அணைத்திருப்பார்கள். அதோடு முடிந்தது என்று நம்பி இருந்துவிட்டு, குடும்பக் குரூப்பிலோ வாய்ஸ் மெசேஜிலோ மாட்டிக்கொள்வார்கள்.

அந்த ஒரு சுவிட்சுக்கு முன்னும் பின்னும் செய்ய வேண்டியவற்றை இங்கே வரிசையாகச் சொல்கிறேன். வரிசை முக்கியம். இதில் பாதி வேலை செய்தி வருவதற்கு முன்பே செய்து வைக்க வேண்டியது. வந்த பிறகு அவசரமாகச் செய்தால் பலன் இருக்காது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இங்கே பேசுவது உங்கள் போனுக்கு, உங்கள் பெயருக்கு வந்த செய்திகளைப் பற்றி மட்டும்தான். அடுத்தவர் போனில் வரும் செய்தியை அவருக்குத் தெரியாமல் படிப்பது தவறு, சட்டப்படியும் சிக்கல். அதற்கான வழி எதுவும் இதில் இல்லை.

மெனுப் பெயர்களை ஆங்கில மெனுவில் இருக்கிறபடியே தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறேன். ஆப்பைத் தமிழில் வைத்திருப்பவர்களுக்கு அதே இடத்தில் தமிழ்ப் பெயர் இருக்கும்.

1. எதை மறைக்க வேண்டும் என்று முதலில் தீர்மானியுங்கள்

ஒரு சாம்பல் டிக் என்றால் செய்தி அனுப்பியவரின் போனிலிருந்து கிளம்பிவிட்டது. இரண்டு சாம்பல் டிக் என்றால் உங்கள் போனுக்கு வந்து சேர்ந்துவிட்டது. இரண்டும் நீலமானால் நீங்கள் படித்துவிட்டீர்கள் என்று பொருள்.

இதில் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. நீங்கள் கண்ணால் படித்தீர்களா என்பது வாட்ஸ்அப்புக்குத் தெரியாது. அந்தச் சாட் உங்கள் திரையில் திறந்ததா என்பதை மட்டும்தான் அது பார்க்கிறது. சாட்டைத் திறந்துவிட்டு வேறு பக்கம் திரும்பினாலும் நீலம் விழும். சாட்டைத் திறக்காமல் முழுச் செய்தியையும் வேறு இடத்தில் படித்தால் விழாது. கீழே வரும் எல்லா வழிகளும் இதை வைத்துத்தான்.

நீல டிக்கைத் தவிர இன்னும் சில தடயங்கள் இருக்கின்றன. ஆப்பைத் திறந்த உடனே பெயருக்குக் கீழே ஆன்லைன் என்று காட்டும். மூடிய பிறகு லாஸ்ட் சீன், அதாவது கடைசியாக ஆப்பில் இருந்த நேரம், மாறும். வாய்ஸ் மெசேஜைக் கேட்டால் அதன் பக்கத்தில் இருக்கும் மைக் படம் நீலமாகும். குரூப்பில் யார் யார் படித்தார்கள் என்று அனுப்பியவர் தனிப் பட்டியலே பார்க்கலாம். பதில் எழுத ஆரம்பித்தால் டைப்பிங் என்று காட்டும். நீல டிக்கை மட்டும் மூடிவிட்டு இரவு பதினொன்றரைக்கு ஆன்லைனில் இருந்தால், அனுப்பியவர் அதை வைத்தே கணக்குப் போட்டுவிடுவார்.

ஆகவே இரண்டு பாதைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். முதல் பாதை, எல்லோருக்கும் எப்போதும் நீல டிக்கை அணைத்து வைப்பது. இரண்டாவது, நீல டிக்கை அப்படியே விட்டுவிட்டு, வேண்டிய செய்திகளை மட்டும் சாட்டுக்கு வெளியே படிப்பது.

வாட்ஸ்அப்பில் ஆர்டர் எடுக்கிறவர்களுக்கு நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். எங்கள் பகுதியில் தையல் கடை வைத்திருக்கும் அக்காவுக்கு இரவு பத்து மணிக்கு மேல்தான் மெசேஜ்கள் வரும். நாளைக் காலை கொடுக்க வேண்டிய ஜாக்கெட் பற்றியதா, அடுத்த மாதக் கல்யாணத்துக்கா என்று அப்போதே தெரிய வேண்டும். ஆனால் திறந்தால், "பார்த்துட்டீங்களே அக்கா, ஏன் பதில் இல்லை?" என்று அடுத்த மெசேஜ் வந்து நிற்கும். அவர் நீல டிக்கை மொத்தமாக அணைத்தால், தான் அனுப்பிய பில்லை வாடிக்கையாளர் பார்த்தாரா என்பதும் அவருக்குத் தெரியாமல் போய்விடும். அவருக்கு முதல் பாதை நஷ்டம்.

2. ஆரம்பிக்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

பிளே ஸ்டோரிலோ ஆப் ஸ்டோரிலோ வாட்ஸ்அப்பை அப்டேட் செய்துகொள்ளுங்கள். பழைய பதிப்பில் ஆன்லைனை மறைக்கும் வசதி இருக்காது.

ஆண்ட்ராய்டு எத்தனையாவது பதிப்பு என்று போன் செட்டிங்ஸில், அபௌட் போன் பகுதியில் பாருங்கள். 11 அல்லது அதற்கு மேல் இருந்தால் நோட்டிஃபிகேஷன் ஹிஸ்டரி, அதாவது வந்த நோட்டிஃபிகேஷன்களைச் சேமித்து வைக்கும் பட்டியல், கிடைக்கும். அதற்குக் கீழே என்றால் படி 7-ஐ விட்டுவிடலாம்.

வீட்டில் இன்னொருவரின் போனை ஒரு அரைமணி நேரம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இதைத்தான் எல்லோரும் தவிர்க்கிறார்கள். உங்கள் போனை மட்டும் பார்த்து, அனுப்பியவருக்கு என்ன தெரிகிறது என்று கண்டுபிடிக்க முடியாது. உண்மையான செய்தியில் சோதித்துப் பார்த்தால், தவறிய உடனே நீலம் விழுந்துவிடும். விழுந்த நீலத்தைத் திரும்பப் பெற வழி கிடையாது.

3. ரீட் ரிசீட்ஸை அணைப்பது (முதல் பாதைக்காரர்களுக்கு)

வாட்ஸ்அப் செட்டிங்ஸ், அதற்குள் பிரைவசி, அதற்குள் ரீட் ரிசீட்ஸ். சுவிட்சை அணைத்துவிடுங்கள்.

இது இரு பக்கமும் வெட்டும். நீங்கள் படித்தது மற்றவருக்குத் தெரியாது. மற்றவர் படித்தது உங்களுக்கும் தெரியாது. ஸ்டேட்டஸுக்கும் இதே கதைதான். நீங்கள் பார்த்தது அவர்களுக்குத் தெரியாது, உங்கள் ஸ்டேட்டஸை யார் பார்த்தார்கள் என்ற பட்டியலும் உங்களுக்குக் கிடைக்காது.

இந்தச் சுவிட்ச் எட்டாத இடங்கள் இரண்டு. குரூப் செய்திகளுக்கு ரீட் ரிசீட் போய்க்கொண்டேதான் இருக்கும். வாய்ஸ் மெசேஜைக் கேட்டால் மைக் நீலமாவதும் நிற்காது. இவை இரண்டையும் அணைக்க வாட்ஸ்அப்பில் வழியே இல்லை.

ஒருவருக்கு மட்டும் அணைத்துவிட்டு மற்றவர்களுக்கு விட்டு வைக்கவும் முடியாது. அப்படி வேண்டுமென்றால் இரண்டாவது பாதைக்குத்தான் வர வேண்டும்.

இன்னொன்று, சுவிட்சை அணைப்பதற்கு முன்பே நீலமானவை நீலமாகவே இருக்கும். முதலில் திறந்து படித்துவிட்டு, பிறகு ஞாபகம் வந்து அணைப்பதில் பயன் இல்லை.

4. லாஸ்ட் சீனையும் ஆன்லைனையும் மூடுவது

இதை இரண்டு பாதைக்காரர்களும் செய்ய வேண்டும்.

பிரைவசிக்குள்ளேயே லாஸ்ட் சீன் அண்ட் ஆன்லைன் என்று இருக்கும். மேல் பகுதியில் லாஸ்ட் சீனுக்கு நான்கு தேர்வுகள்: எல்லோரும், என் கான்டாக்ட்ஸ், சிலரைத் தவிர என் கான்டாக்ட்ஸ், யாரும் வேண்டாம். கீழ்ப் பகுதியில் ஆன்லைனுக்கு இரண்டே தேர்வுகள்: எல்லோரும், அல்லது லாஸ்ட் சீன் போலவே.

மேல் பகுதியை மட்டும் மாற்றிவிட்டு வெளியே வந்துவிடுவதுதான் இங்கே வழக்கமாக நடக்கும் தவறு. கீழே லாஸ்ட் சீன் போலவே என்பதைத் தொட்டால்தான் ஆன்லைனும் மறையும். திரையைக் கொஞ்சம் கீழே தள்ளிப் பார்த்துவிட்டு வெளியே வாருங்கள்.

எல்லோரிடமிருந்தும் மறைக்க வேண்டாம் என்றால், சிலரைத் தவிர என்ற தேர்வு நல்லது. வீட்டில் இருப்பவர்கள் நீங்கள் நலமாக இருக்கிறீர்களா என்பதை லாஸ்ட் சீனை வைத்துத்தான் பார்ப்பார்கள். அதை ஏன் கெடுக்க வேண்டும்? மேலாளரையும், ஓயாமல் கேள்வி கேட்கும் இரண்டு பேரையும் பட்டியலில் சேர்த்தால் போதும். யாருக்கு மறைக்கிறீர்களோ அவர்களுடைய லாஸ்ட் சீன் உங்களுக்கும் தெரியாது.

டைப்பிங் என்று காட்டுவதை அணைக்கச் சுவிட்ச் இல்லை. பதில் எழுதலாமா வேண்டாமா என்று தயங்கி, பாதி எழுதி அழிக்கும் பழக்கம் இருந்தால், நோட்ஸ் ஆப்பில் எழுதிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

5. நோட்டிஃபிகேஷனைத் தயார் செய்வது

இரண்டாவது பாதை முழுவதும் நோட்டிஃபிகேஷனை நம்பித்தான் இருக்கிறது. அது சரியாக வரவில்லை என்றால், சாட்டைத் திறப்பதைத் தவிர உங்களுக்கு வேறு வழி இருக்காது. அதனால் இங்கே நிதானமாகச் செய்யுங்கள்.

முதலில் பேட்டரி. ஷாவ்மி, விவோ, ஓப்போ, ரியல்மி போன்ற போன்கள் பேட்டரியை மிச்சப்படுத்தப் பின்னணியில் ஓடும் ஆப்களை அடிக்கடி நிறுத்திவிடும். அப்போது நோட்டிஃபிகேஷன் வராது. நீங்கள் வாட்ஸ்அப்பைத் திறந்த பிறகுதான் எல்லாச் செய்தியும் ஒரே மூச்சில் வந்து விழும். போன் செட்டிங்ஸில் ஆப்ஸ், அதில் வாட்ஸ்அப், அதில் பேட்டரி என்று போய்க் கட்டுப்பாடு வேண்டாம் என்ற தேர்வைக் கொடுங்கள். ஆட்டோஸ்டார்ட் என்று தனியாக இருந்தால் அதையும் அனுமதியுங்கள்.

அடுத்து, வாட்ஸ்அப் செட்டிங்ஸில் நோட்டிஃபிகேஷன்ஸ். ஹை பிரையாரிட்டி என்பதை இயக்குங்கள். செய்தி வரும்போதே திரையின் மேல் பகுதியில் முன்னோட்டம் தெரியும். குரூப்புக்கு இதே சுவிட்ச் தனியாக இருக்கிறது.

பூட்டிய திரையில் செய்தியின் உள்ளடக்கம் தெரிய வேண்டுமா என்பது உங்கள் வீட்டு நிலவரத்தைப் பொறுத்தது. அனுப்பியவரிடமிருந்து மறைக்கப் போய், மேஜை மேல் கிடக்கும் போனில் பக்கத்தில் இருப்பவர் படித்துவிட்டால் எதற்கு இந்தப் பாடு? பூட்டிய நிலையில் உள்ளடக்கத்தை மறைத்து, பூட்டைத் திறந்த பிறகு காட்டும்படி வைப்பதே என் தேர்வு. போன் செட்டிங்ஸில் லாக் ஸ்கிரீன் நோட்டிஃபிகேஷன் பகுதியில் இது கிடைக்கும்.

வாட்ஸ்அப்பின் ஆப் லாக், அதாவது கைரேகை வைத்தால்தான் திறக்கும் வசதி, இயக்கத்தில் இருந்தால் அதற்குள் போய்ப் பாருங்கள். நோட்டிஃபிகேஷனில் உள்ளடக்கத்தைக் காட்டு என்று ஒரு சுவிட்ச் இருக்கும். அது அணைந்திருந்தால் செய்தி வந்திருக்கிறது என்பது மட்டும்தான் தெரியும்.

கடைசியாக, அந்தக் குறிப்பிட்ட சாட் எந்த நிலையில் இருக்கிறது என்று பாருங்கள். ஆர்க்கைவ் செய்த, அதாவது பட்டியலிலிருந்து ஒதுக்கி வைத்த, சாட்டிலிருந்து பொதுவாக நோட்டிஃபிகேஷன் வராது. அந்தச் சாட்டுக்கு மட்டும் தனிப் பூட்டு, அதாவது சாட் லாக், போட்டு வைத்திருந்தால் நோட்டிஃபிகேஷனில் பெயரும் வராது, செய்தியும் வராது. "பிடிக்காதவர்" என்று ஆர்க்கைவில் தள்ளி வைத்திருப்பவரின் செய்தியைத்தான் இரகசியமாகப் படிக்க வேண்டியிருக்கிறது. ஆனால் ஆர்க்கைவில் இருப்பதாலேயே அது நோட்டிஃபிகேஷனில் வராமல் போகிறது. இந்த முரண் பலரைக் குழப்பியிருக்கிறது. அந்தச் சாட்டை ஆர்க்கைவிலிருந்து வெளியே எடுத்து, சத்தத்தை மட்டும் அணைத்து வையுங்கள்.

6. செய்தி வந்ததும் என்ன செய்ய வேண்டும்

மேலிருந்து கீழே இழுத்து நோட்டிஃபிகேஷன் பகுதியைத் திறங்கள். பல பேரிடமிருந்து செய்தி வந்திருந்தால் எல்லாம் ஒன்றாகச் சுருங்கி இருக்கும். ஓரத்தில் இருக்கும் சிறு அம்புக்குறியைத் தொட்டால் ஒவ்வொன்றாக விரியும். செய்தி எழுத்தின் மேல் விரல் படக் கூடாது, அம்புக்குறியில் மட்டும். எழுத்தைத் தொட்டால் சாட் திறந்துவிடும்.

விரித்ததும் கீழே ரிப்ளை, மார்க் அஸ் ரீட் என்று இரண்டு பொத்தான்கள் தெரியும். மார்க் அஸ் ரீட் என்பதை, நோட்டிஃபிகேஷனை மூடும் பொத்தான் என்று நினைத்து அமுக்குகிறவர்கள் நிறையப் பேர். அதைத் தொட்டால் சாட்டைத் திறந்ததற்குச் சமம், நீலம் விழும். நோட்டிஃபிகேஷன் போக வேண்டுமென்றால் பக்கவாட்டில் தள்ளிவிடுங்கள். ரிப்ளை வழியாகப் பதில் போட்டாலும் அதுவரை வந்த எல்லாம் படித்ததாகிவிடும்.

நீளமான செய்திகள் நோட்டிஃபிகேஷனில் முழுதாக வராது, நடுவில் வெட்டுப்படும். அதற்கு ஆண்ட்ராய்டில் வாட்ஸ்அப் விட்ஜெட் கைகொடுக்கும். முகப்புத் திரையில் காலி இடத்தை அமுக்கிப் பிடித்து, விட்ஜெட்ஸில் வாட்ஸ்அப்பைத் தேடி, செய்திகள் காட்டும் பெட்டியை வையுங்கள். ஓரத்தைப் பிடித்து இழுத்துப் பெரிதாக்குங்கள். படிக்காத செய்திகள் அதற்குள் வரிசையாக இருக்கும், மேலும் கீழும் தள்ளிப் படிக்கலாம். இங்கேயும் செய்தியைத் தொட்டால் சாட் திறக்கும் என்பதை மறக்க வேண்டாம்.

எல்லாம் சரியாக வைத்தும் நீலம் விழுந்ததாகச் சொல்பவர்களிடம் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: கடைசியாக வாட்ஸ்அப்பிலிருந்து எப்படி வெளியே வந்தீர்கள்? ஒருவருடைய சாட்டில் இருக்கும்போதே ஹோம் பொத்தானை அமுக்கி வந்திருந்தால், அந்தச் சாட் திறந்தபடியே பின்னால் காத்திருக்கும். அடுத்த முறை வேறு யாருக்கோ செய்தி அனுப்ப ஆப்பைத் திறந்தால், நேராக அந்தச் சாட்டில்தான் போய் நிற்கும். இடையில் வந்த செய்திகள் அத்தனையும் அந்த நொடியில் நீலமாகும். சாட்டைத் திறந்து வைத்தபடியே திரையை அணைத்துவிட்டுத் தூங்கிவிட்டாலும் காலையில் பூட்டைத் திறந்ததும் இதுதான் நடக்கும். ஒவ்வொரு முறையும் பின் அம்புக்குறியைத் தொட்டு, சாட் பட்டியலுக்கு வந்து, அப்புறம்தான் வெளியேற வேண்டும். இந்தப் பழக்கம் கைக்கு வராதவரை மற்ற எந்தத் தந்திரமும் நிலைக்காது.

லேப்டாப்பில் வாட்ஸ்அப் வெப் திறந்து வைத்திருப்பவர்களுக்கும் இதே பேச்சு. அலுவலகக் கணினியின் திரையில் மேலாளரின் சாட் திறந்தபடி இருந்தால், செய்தி வந்ததும் அங்கேயே நீலம் விழும். லிங்க்டு டிவைசஸ் பகுதியில் எந்தெந்தக் கணினி இணைந்திருக்கிறது என்று பார்த்து, வேண்டாததை வெளியேற்றுங்கள். காரில் ஆண்ட்ராய்டு ஆட்டோவைச் செய்தியை வாசிக்கச் சொன்னால் அதுவும் படித்ததாகவே கணக்காகும்.

மார்க் அஸ் அன்ரீட் பற்றியும் சொல்லிவிட வேண்டும். படித்த சாட்டை அமுக்கிப் பிடித்து அன்ரீட் செய்தால் உங்கள் பட்டியலில் ஒரு புள்ளி வரும். அது உங்கள் ஞாபகத்துக்கு மட்டும். அனுப்பியவரின் திரையில் நீலம் நீலமாகவே இருக்கும்.

7. நோட்டிஃபிகேஷன் ஹிஸ்டரி

பழக்கத்தில் எல்லா நோட்டிஃபிகேஷனையும் ஒரே தள்ளாகத் தள்ளிவிட்டு, பிறகுதான் முக்கியமான ஒன்று அதில் இருந்தது என்று ஞாபகம் வரும். அதற்காகத்தான் இது.

போன் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ், நோட்டிஃபிகேஷன் ஹிஸ்டரி. சாம்சங்கில் நோட்டிஃபிகேஷன்ஸுக்குள் அட்வான்ஸ்டு செட்டிங்ஸில் இருக்கும். சுவிட்சை இயக்குங்கள். கடந்த 24 மணி நேரத்தில் வந்தவை அங்கே இருக்கும், தள்ளிவிட்டவையும் சேர்த்து.

இயக்கிய பிறகு வருவதைத்தான் இது சேமிக்கும். நேற்று வந்ததைத் தேடி இன்று இயக்கினால் ஒன்றும் இருக்காது. அதனால்தான் இப்போதே செய்து வையுங்கள் என்கிறேன். அனுப்பியவர் பிறகு டெலீட் ஃபார் எவ்ரிஒன் கொடுத்து எல்லோருடைய சாட்டிலிருந்தும் அழித்தாலும், நோட்டிஃபிகேஷனாக வந்த எழுத்து இங்கே தங்கியிருக்க வாய்ப்பு உண்டு.

ஹிஸ்டரியில் இருக்கும் வரியைத் தொட்டால் ஆப் திறக்கக்கூடும். கண்ணால் மட்டும் படித்துவிட்டு வெளியே வாருங்கள்.

8. படமும் வாய்ஸ் மெசேஜும்

இது ஆண்ட்ராய்டுக்கு மட்டும்.

வாட்ஸ்அப் செட்டிங்ஸில் ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா, அதில் மீடியா ஆட்டோ டவுன்லோடு. படங்களை இயக்கி வையுங்கள். சாட்ஸ் பகுதியில் மீடியா விசிபிலிட்டியையும் இயக்கினால், வந்த படம் தானாக இறங்கி கேலரியில் வாட்ஸ்அப் இமேஜஸ் ஆல்பத்தில் கிடக்கும். அங்கே திறந்து பார்த்தால் சாட்டுக்குத் தெரியாது. குரூப்களில் வரும் காலை வணக்கப் படங்களும் சேர்ந்து இறங்கும் என்பதால், போனில் இடம் குறைவாக இருந்தால் யோசித்துச் செய்யுங்கள்.

வாய்ஸ் மெசேஜ்தான் கொஞ்சம் சுற்று வழி. அது தானாகவே போனில் இறங்கிவிடுகிறது, ஆனால் பாட்டுப் பட்டியலில் தெரியாத கோப்புறைக்குள் இருக்கும். ஃபைல் மேனேஜரைத் திறந்து, இன்டர்னல் ஸ்டோரேஜில் ஆண்ட்ராய்டு, அதற்குள் மீடியா, அதற்குள் காம் டாட் வாட்ஸ்அப், வாட்ஸ்அப், மீடியா, வாட்ஸ்அப் வாய்ஸ் நோட்ஸ் என்று உள்ளே போங்கள். அங்கே ஆண்டும் வார எண்ணும் சேர்ந்த ஆறு இலக்கப் பெயரில் கோப்புறைகள் இருக்கும். எண்ணில் பெரியதுதான் இந்த வாரம். அதற்குள் ஓபஸ் வகைக் கோப்புகளாக வாய்ஸ் மெசேஜ்கள் இருக்கும். பெயரிலேயே தேதி இருப்பதால் கண்டுபிடித்துவிடலாம். அனுப்பியவர் பெயர் இருக்காது, நேரத்தை வைத்து ஊகிக்க வேண்டும். அங்கேயே போட்டுக் கேட்டால் மைக் நீலமாகாது. முதல் முறை போகும்போது வழி நீளமாகத் தெரியும். ஃபைல் மேனேஜரில் அந்தக் கோப்புறையை நட்சத்திரமிட்டு வைத்தால் அடுத்த முறை தேட வேண்டியதில்லை.

ஒரே முறை பார்க்கும்படி அனுப்பும் வியூ ஒன்ஸ் படத்துக்கு இது எதுவும் பொருந்தாது. அது கேலரிக்கு வராது, நோட்டிஃபிகேஷனிலும் தெரியாது. 14 நாட்களுக்குள் திறக்காவிட்டால் காலாவதியாகிவிடும்.

9. குரூப்பில் வந்தால்

குரூப்பில் செய்தி அனுப்பியவர் அதை அமுக்கிப் பிடித்து இன்ஃபோவைத் தொட்டால், ரீட் பை, டெலிவர்டு டு என்று இரண்டு பட்டியல்கள் வரும். குரூப்பில் எல்லோரும் படித்தால்தான் டிக் நீலமாகும். "இன்னும் நீலமாகவில்லையே, நான் படித்தது தெரிந்திருக்காது" என்று நினைத்துக்கொள்வது தவறு. உங்கள் பெயர் பட்டியலில் ஏற்கெனவே ஏறியிருக்கும், நேரத்தோடு.

அபார்ட்மென்ட் சங்கக் குரூப், பள்ளிப் பெற்றோர் குரூப் இரண்டிலும் இந்தப் பட்டியலைப் பார்க்கிறவர்கள் கட்டாயம் இருப்பார்கள். படி 6-இல் சொன்ன நோட்டிஃபிகேஷனும் விட்ஜெட்டும்தான் இங்கே வழி.

10. ஐபோனில்

போன் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ், ஷோ பிரிவியூஸ். வென் அன்லாக்டு என்று வைத்தால் பூட்டைத் திறந்த பிறகுதான் உள்ளடக்கம் தெரியும். வாட்ஸ்அப்பின் நோட்டிஃபிகேஷன் பகுதியிலும் ஷோ பிரிவியூ இயக்கத்தில் இருக்க வேண்டும். இரண்டில் ஒன்று அணைந்திருந்தாலும் செய்தி தெரியாது.

ஐபோனில் இருக்கும் பெரிய வசதி, சாட் பட்டியலில் ஒருவருடைய பெயரை அமுக்கிப் பிடிப்பது. அந்தச் சாட்டின் கடைசிப் பகுதி ஒரு சிறு சன்னலாக எழும்பி வரும். நீலம் விழாமல் படித்துவிடலாம். சன்னலுக்கு வெளியே தொட்டு மூடுங்கள். சன்னலையே தொட்டால் சாட் முழுதாகத் திறந்துவிடும். அமுக்கிப் பிடிப்பதற்குப் பதில் லேசாகத் தொட்டுவிட்டாலும் அதே கதிதான். அதனால் முதலில் வேறு யாருடைய சாட்டிலாவது விரலைப் பழக்கிக்கொள்ளுங்கள். இந்த வழியில் ஆப்பைத் திறக்க வேண்டியிருப்பதால் ஆன்லைன் காட்டும். படி 4-ஐ முடித்திருந்தால் கவலை இல்லை.

நோட்டிஃபிகேஷன் ஹிஸ்டரி ஐபோனில் கிடையாது. தள்ளியது தள்ளியதுதான்.

11. ஏரோப்ளேன் மோடை ஏன் நம்ப வேண்டாம்

நெட்டை அணைத்துவிட்டுச் சாட்டைத் திறந்து படி, படித்ததும் மூடிவிட்டு நெட்டைப் போடு. இந்த யோசனை எல்லா இடத்திலும் சுற்றுகிறது. படிக்கும் நேரத்தில் நீலம் விழாது, உண்மைதான். ஆனால் நீங்கள் சாட்டைத் திறந்ததை ஆப் குறித்து வைத்துக்கொள்கிறது. மறுபடி நெட் கிடைத்து ஆப் இணைந்ததும் அந்தக் குறிப்பு அனுப்பியவருக்குப் போய்விடும்.

ஆகவே இது தள்ளிப்போடுவது மட்டுமே. இரவில் படித்துவிட்டு, காலையில் எப்படியும் பதில் போடப் போகிறீர்கள் என்றால் பயன்படுத்தலாம். படித்ததே தெரியக் கூடாது என்றால் இது உதவாது.

12. தொடவே கூடாதவை

நீல டிக்கை மறைக்கும் என்று சொல்லும் ஜிபி வாட்ஸ்அப், எஃப்எம் வாட்ஸ்அப், யோ வாட்ஸ்அப் போன்றவை வாட்ஸ்அப் நிறுவனம் வெளியிட்டவை அல்ல. அவற்றைப் பயன்படுத்தினால் கணக்கை நிறுவனம் முடக்கக்கூடும். அதைவிடப் பெரிய ஆபத்து உள்ளே இருப்பது. 2021-இல் எஃப்எம் வாட்ஸ்அப்பின் ஒரு பதிப்பில் ட்ரையாடா என்ற தீநிரல் இருந்ததை காஸ்பர்ஸ்கி பாதுகாப்பு நிறுவனம் கண்டுபிடித்தது. அடுத்த ஆண்டு யோ வாட்ஸ்அப்பிலும் அதே தீநிரல் சிக்கியது. உங்கள் எல்லா உரையாடலும் அந்த ஆப்பின் வழியாகப் போகிறது என்பதை நினைத்துப் பாருங்கள்.

பிளே ஸ்டோரிலேயே கிடைக்கும் சில ஆப்கள் நோட்டிஃபிகேஷன்களைச் சேமித்து வைத்துத் தருகின்றன. வேலை செய்யும். ஆனால் அதற்கு நோட்டிஃபிகேஷன் ஆக்சஸ் என்ற அனுமதியைக் கேட்கும். அந்த அனுமதி வாட்ஸ்அப்போடு நிற்காது. மற்ற ஆப்களின் நோட்டிஃபிகேஷனையும், பல போன்களில் வங்கியிலிருந்து வரும் ஓடிபியைக்கூட, அது படிக்கலாம். போனிலேயே ஹிஸ்டரி இருக்கும்போது அந்த அனுமதியை ஒரு அந்நிய ஆப்புக்குக் கொடுக்கவே வேண்டாம். ஏற்கெனவே கொடுத்திருந்தால், போன் செட்டிங்ஸில் நோட்டிஃபிகேஷன் ஆக்சஸ் என்று தேடி, தெரியாத பெயர்களை அணைத்துவிடுங்கள்.

மிரட்டலோ தொல்லையோ தரும் ஒருவரின் செய்தியை மறைவாகப் படிக்க வேண்டிய நிலையில் இருப்பவர்கள், நோட்டிஃபிகேஷன் திரையை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பிளாக் செய்த பிறகு அவர் அனுப்புவது உங்களுக்கு வராது, பிளாக்கை எடுத்தாலும் வராது. அதனால் புகார் கொடுக்கும் எண்ணம் இருந்தால் முதலில் ஆதாரத்தைச் சேர்த்துக்கொண்டு, பிறகு பிளாக் செய்யுங்கள்.

13. இன்னொரு போனை வைத்துச் சோதிப்பது

இப்போது அந்த இரண்டாவது போன். அதிலிருந்து உங்களுக்கு ஒரு எழுத்துச் செய்தி, ஒரு படம், ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்புங்கள். இரண்டு பேரும் இருக்கும் ஒரு குரூப்பிலும் ஒன்று போடுங்கள்.

உங்கள் போனில் சாட்டைத் திறக்காமல் நான்கையும் பார்க்க முடிகிறதா? பார்த்த பிறகு இரண்டாவது போனில் ஒவ்வொரு செய்தியையும் அமுக்கிப் பிடித்து இன்ஃபோவைப் பாருங்கள். டெலிவர்டு பக்கத்தில் நேரம் இருக்கும், ரீட் பக்கம் காலியாக இருக்க வேண்டும். டிக்கின் நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம். வெயிலில் சாம்பலும் நீலமும் ஒன்று போலத் தெரியும்.

இந்தச் சோதனை சரியாக வர, இரண்டாவது போனில் ரீட் ரிசீட்ஸ் இயக்கத்தில் இருக்க வேண்டும். அங்கே அணைந்திருந்தால், நீங்கள் சாட்டைத் திறந்தாலும் நீலம் வராது. எல்லாம் வேலை செய்வதாகத் தவறாக நினைத்துக்கொள்வீர்கள். உறுதிப்படுத்த, கடைசியில் தனிச் சாட்டில் வந்த எழுத்துச் செய்தியை வேண்டுமென்றே திறந்து பாருங்கள். முதல் பாதைக்காரர்களுக்குச் சாம்பலாகவே நிற்க வேண்டும், இரண்டாவது பாதைக்காரர்களுக்கு நீலமாக வேண்டும்.

14. மற்ற ஆப்களில், சுருக்கமாக

சிக்னலில் செட்டிங்ஸ், பிரைவசிக்குள் ரீட் ரிசீட்ஸும் டைப்பிங் இன்டிகேட்டர்ஸும் தனித்தனியாக இருக்கின்றன. இரண்டையும் அணைக்கலாம். ஐமெசேஜில் ஒவ்வொரு நபருக்கும் தனியாக அணைக்க முடியும், வாட்ஸ்அப்பில் இல்லாத வசதி இது. இன்ஸ்டாகிராமிலும் ரீட் ரிசீட்டை அணைக்கலாம், மொத்தமாகவும் ஒரு சாட்டுக்கு மட்டுமாகவும். டெலிகிராமில் அப்படி ஒரு சுவிட்ச் இல்லை. அங்கே சாட் பட்டியலில், ஆண்ட்ராய்டு என்றால் முகப்புப் படத்தை, ஐபோன் என்றால் அந்தச் சாட்டை அமுக்கிப் பிடித்தால் முன்னோட்டம் வரும். அதில் படித்தால் படித்ததாகக் கணக்காகாது.

15. போன் மாற்றும்போது

புதுப் போனுக்குப் போனதும் பேட்டரி அனுமதி, நோட்டிஃபிகேஷன் ஹிஸ்டரி, லாக் ஸ்கிரீன் தேர்வு, விட்ஜெட் எல்லாவற்றையும் மறுபடி செய்ய வேண்டும். அவை போனுக்கு உரியவை, வாட்ஸ்அப் பேக்கப்பில் வராது. பிரைவசிப் பக்கத்தில் ரீட் ரிசீட்ஸ், லாஸ்ட் சீன், ஆன்லைன் மூன்றும் நீங்கள் வைத்தபடியே இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு, படி 13-ஐ இன்னொரு முறை ஓட்டிப் பாருங்கள். அதை முடிக்கும்வரை புதுப் போனில் எந்தச் சாட்டையும் திறக்க வேண்டாம்.